நாம் இல்லாத நாளில் நம் கணக்குகளை யார் திறப்பது?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் கணவர் அண்மையில் திடீரென்று காலமானார். வீட்டின் வரவு செலவு, காப்பீட்டு விவரம், பிள்ளைகளின் படங்கள், நண்பர்களின் எண்கள் எல்லாமே அவருடைய கைப்பேசிக்குள்தான் இருந்தன. அதன் திரைப்பூட்டு எண் யாருக்கும் தெரியாது. பிறந்த நாள், மண நாள், பழைய வண்டியின் எண் என்று ஆளுக்கொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போகிறது. பூட்டிய திரையின் மேல் செய்திகள் மட்டும் வந்து விழுகின்றன. ஏதோ ஒரு சந்தா புதுப்பிக்கப்பட்டதாம், ஏதோ ஒரு தவணைக்கு நாள் நெருங்குகிறதாம். இறப்புச் செய்தி தெரியாத ஒருவர், "ஏன் பேசவே இல்லை?" என்று கேட்கிறார். அக்கா எல்லாவற்றையும் படிக்கிறாள். ஒன்றுக்கும் பதில் அனுப்ப வழியில்லை.

இப்போது என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதே நிலை நம் வீட்டாருக்கு வராமல் இருக்க நாம் என்ன செய்து வைக்க வேண்டும் என்பதையும் இங்கே பேசுவோம். வீடு, நிலம் பற்றி உயில் எழுதி வைப்பவர்கள்கூட மின்னஞ்சலைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.


பரிதி

ஆழ்ந்த அனுதாபங்கள், இளவேனில். முதலில் உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டியவை: எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஐபோனில் தொடர்ந்து பத்து முறை தவறினால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும் வசதி ஒன்று உண்டு. அவர் அதை இயக்கி வைத்திருந்தாரா என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது.

அடுத்தது சிம். உறவினர்கள் நல்லெண்ணத்தோடு, "இனி எதற்கு இந்த எண்ணுக்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று முதல் வாரத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பாதிக் கணக்குகளுக்கு ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். துண்டித்த எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. அப்போது இறந்தவரின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். எண்ணைக் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று முறைப்படி கேளுங்கள்.

வாட்ஸ்அப் பற்றியும் ஒரு சொல். பொதுவாக 120 நாட்கள் இணையத்தோடு தொடர்பில்லாமல் கிடந்தால் அந்தக் கணக்கு நீக்கப்படும். எனவே கைப்பேசியை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டாம். மின்னூட்டம் இருக்கட்டும், இணைய இணைப்பும் இருக்கட்டும்.

பூட்டை நிறுவனமே திறந்து தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூட்டு எண் இல்லாமல் தங்களாலும் அந்தக் கருவியைத் திறக்க முடியாது, அழித்துத்தான் தர முடியும் என்று ஆப்பிள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. உள்ளே இருக்கும் தரவு அந்த எண்ணோடு பிணைத்துக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் படங்களின் நகல் இணையச் சேமிப்பான ஐக்ளவுடிலோ கூகுள் போட்டோஸிலோ இருக்கக்கூடும். அங்கே நுழைய வேறு வழி உண்டு. அதைச் சட்டம் தெரிந்தவர் சொன்னால் நல்லது.


அறவாழி

வழக்குரைஞர் என்ற முறையில் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆகவே உங்கள் ஊர்ச் சட்டத்தை உள்ளூர் வழக்குரைஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவானவற்றை மட்டும் சொல்கிறேன்.

இறந்தவரின் கடவுச்சொல் கைக்குக் கிடைத்தாலும் அதைப் போட்டு அவராகவே உள்ளே நுழைவது பெரும்பாலான சேவைகளின் விதிமுறைக்கு எதிரானது. சில நாடுகளில் அனுமதியற்ற நுழைவு என்ற குற்றமாகவும் அதைப் பார்க்க முடியும். பணம் சார்ந்த கணக்கில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். நாளை வாரிசுகளுக்குள் பிணக்கு வந்தால் அந்த ஒரு நுழைவே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

நேர்வழி இதுதான். கூகுளில், காலமானவரின் கணக்கைப் பற்றி விண்ணப்பிக்கத் தனிப் படிவம் இருக்கிறது. கணக்கை மூடவும், அதிலுள்ள தரவைக் கேட்கவும் அதில் இடம் உண்டு. எந்த நிலையிலும் கடவுச்சொல்லைத் தரமாட்டார்கள். தரவைத் தருவதும் உறுதியில்லை, ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பார்கள். ஆப்பிளில், அவர் உயிரோடு இருந்தபோது யாரையும் நியமிக்கவில்லை என்றால் பல நாடுகளில் நீதிமன்ற ஆணை கேட்பார்கள். இறப்புச் சான்றிதழின் சான்றொப்பமிட்ட நகல்கள் நிறைய வாங்கி வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.

அமெரிக்காவில் 2015-இல் இதற்கென ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டு, பெரும்பாலான மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டன. அதன் வரிசைமுறை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. சேவை நிறுவனம் தன் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) தரும் கருவியில் நீங்கள் யாரைக் குறித்திருக்கிறீர்களோ அதற்கே முதலிடம். உயில் அதற்கு அடுத்தபடிதான். இரண்டும் இல்லையென்றால் நிறுவனத்தின் விதிமுறை என்ன சொல்கிறதோ அதுதான். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தக் கருவியை நிரப்பி வைப்பதே குறைந்த செலவில் கிடைக்கும் வலுவான பாதுகாப்பு.

ஓர் எச்சரிக்கை. கடவுச்சொற்களை உயிலுக்குள் எழுதாதீர்கள். பல நாடுகளில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயில் பொது ஆவணமாகிவிடும். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம்.


தேன்மொழி

இவ்வளவு சிக்கல் எதற்கு? எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பீரோவில் வைத்துவிட்டால் போதாதா? என் மாமனார் அப்படித்தான் வைத்திருக்கிறார்.


பரிதி

தேன்மொழி அம்மா, உங்கள் மாமனார் செய்திருப்பது எதுவுமே செய்யாமல் இருப்பதைவிடப் பல மடங்கு மேல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடவுச்சொல் மாறும், நோட்டு மாறாது. அதோடு இன்று கடவுச்சொல் மட்டும் போட்டால் பல கணக்குகள் திறப்பதில்லை. இரண்டாவது சரிபார்ப்பு கைப்பேசிக்குப் போகிறது. கைப்பேசி பூட்டியிருந்தால் நோட்டில் நூறு பக்கம் இருந்தும் பயன் இல்லை.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். நூறு கணக்குகளைப் பட்டியல் போட வேண்டும் என்று மலைத்துப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆணிவேர் இரண்டுதான்: முதன்மை மின்னஞ்சல், கைப்பேசி. மற்ற எந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தாலும் மாற்றும் இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஓடிபி அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும். இந்த இரண்டுக்கும் வழி செய்துவிட்டால் மீதியை வீட்டார் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

கூகுள் கணக்கில் "செயல்படாத கணக்கு மேலாளர்" என்ற அமைப்பு 2013 முதலே இருக்கிறது. எத்தனை மாதம் நீங்கள் கணக்கைத் தொடாமல் இருந்தால் செயலற்றதாகக் கருத வேண்டும் என்று கேட்கும். 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கெடு முடிவதற்கு முன் உங்களுக்கே குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பிக் கேட்கும். பதில் இல்லையென்றால் நீங்கள் குறித்த நபர்களுக்குச் சொல்லும். பத்துப் பேர் வரை குறிக்கலாம். ஒருவருக்குப் படங்கள் மட்டும், இன்னொருவருக்கு மின்னஞ்சலும் கோப்புகளும் என்று பிரித்துக் கொடுக்கலாம். அவர்கள் தரவைப் பதிவிறக்கிக்கொள்ள மூன்று மாத அவகாசம். கடைசியில் கணக்கையே அழித்துவிடச் சொல்லவும் ஒரு தேர்வு உண்டு. இதைச் செய்யாமல் விட்டால் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை கூகுள் 2023-இல் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. துக்கம் ஆறிய பிறகு படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆப்பிளில் 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2-இலிருந்து மரபுத் தொடர்பு என்ற வசதி. ஒருவரை நியமித்தால் ஒரு நுழைவுச் சாவி உருவாகும். அதை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். பின்னாளில் அந்தச் சாவியும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் ஐக்ளவுடில் உள்ள படங்கள், குறிப்புகள், கோப்புகள் கிடைக்கும். சேமித்து வைத்த கடவுச்சொற்களும் வாங்கிய பாடல், திரைப்படங்களும் கிடைக்காது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும்.

கைப்பேசியின் திரைப்பூட்டு எண்ணுக்கு மட்டும் நோட்டுதான் சிறந்தது. ஒரு தாள், ஒட்டிய உறை, நம்பிக்கையான ஒருவர். எண்ணை மாற்றும்போதெல்லாம் தாளையும் மாற்ற வேண்டும். விரல்ரேகையும் முகமும் இருக்கிறதே என்று எண்ணை விட்டுவிடாதீர்கள். கருவி அணைந்து மீண்டும் இயங்கும்போது எண்ணைத்தான் கேட்கும்.


கதிரொளி

எல்லோரும் எப்படித் திறப்பது என்றே பேசுகிறீர்கள். நான் திறக்கவே கூடாது என்று நினைப்பவன். முப்பது ஆண்டு நட்பில் ஒரு நண்பன் தன் குடும்பத்துக்குச் சொல்லாத துயரங்களை எனக்கு எழுதியிருக்கிறான். அவை என் மின்னஞ்சலில் இருக்கின்றன. நான் இறந்தால் என் பிள்ளைகள் அவற்றைப் படிப்பது நியாயமா? அது என் சொத்து மட்டுமில்லை, அவனுடைய மானமும்தான். அந்தக் காலத்தில் கடிதங்களை எரித்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. வாரிசுக்குப் பணம் சேரட்டும், படங்கள் சேரட்டும். கடிதங்கள் என்னோடு போகட்டும்.


மங்கை

கதிரொளி ஐயா, உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தம்பி இறந்தபோது அவனுக்கு என்ன நடந்தது, கடைசி நாட்களில் யாரிடமாவது உதவி கேட்டானா என்று அறிய எங்களுக்கு எந்த வழியும் இல்லை. அவன் பேஸ்புக் கணக்கு நினைவுப் பக்கமாக மாற்றப்பட்டுவிட்டது. வெளியே பார்க்கலாம், உள்ளே போக முடியாது. என் அம்மா இன்றும் அந்தப் பக்கத்தைத் திறந்து பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஏதாவது எழுதியிருப்பானோ?" என்று கேட்பார். பதில் தெரியாமல் இருப்பது படித்து வருந்துவதைவிடக் கொடியது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அந்தரங்கம் என்ற ஒரே சொல்லைச் சொல்லிக் கதவை மூடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.


அறவாழி

மங்கை சொல்வது போலவே ஒரு வழக்கு ஜெர்மனியில் நடந்தது. 2012-இல் பெர்லினில் சுரங்க ரயில் மோதி 15 வயதுச் சிறுமி இறந்தாள். விபத்தா, தற்கொலையா என்று பெற்றோர் அறிய விரும்பினர். பேஸ்புக் கணக்கு ஏற்கெனவே நினைவுப் பக்கமாக்கப்பட்டிருந்ததால் தாயால் உள்ளே நுழைய முடியவில்லை. நிறுவனத்தின் வாதம் கதிரொளியின் வாதமேதான்: மறுமுனையில் எழுதியவர்களின் அந்தரங்கம். கீழ் நீதிமன்றம் பெற்றோருக்கு ஆதரவாகவும் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிராகவும் தீர்ப்பளித்தன. 2018 ஜூலையில் அந்நாட்டின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம், கடிதமும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போவதுபோல இந்தக் கணக்கும் போகும் என்று முடிவு செய்தது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நிறுவனம் பதினாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பிடிஎஃப் கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தது. எது எங்கே இருக்கிறது என்று தேடவே வழியில்லாத குவியல். மீண்டும் வழக்கு. சிறுமி பார்த்ததுபோலவே கணக்குக்குள் சென்று பார்க்க வழி செய்ய வேண்டும், கோப்பைக் கொடுத்தால் போதாது என்று 2020-இல் அதே நீதிமன்றம் சொன்னது. மகள் போய் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடிவை நீதிமன்றத்துக்கு விட்டுவைக்காமல் நாமே எழுதி வைக்க வேண்டும். கதிரொளி ஐயா, நீங்கள் எதுவும் செய்யாமல் போனால் உங்கள் கடிதங்கள் அழியும் என்பது நிச்சயமில்லை. கடவுச்சொல்லை ஊகிக்கத் தெரிந்த ஒரு பேரன் போதும். அழிய வேண்டும் என்றால் அதையும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.


கதிரொளி

இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தாலே இரகசியம் காக்கப்படும் என்று இருந்தேன். பரிதி சொன்ன கூகுள் அமைப்பில் யாரையும் குறிக்காமல் அழிக்க மட்டும் சொல்ல முடியுமா?


பரிதி

முடியும். மின்னஞ்சலைத் தவிர்த்துப் படங்களை மட்டும் பிள்ளைகளுக்குக் குறித்துவிட்டு, பிறகு கணக்கு முழுவதையும் அழிக்கவும் சொல்லலாம். நீங்கள் கேட்டது அப்படியே நடக்கும். பேஸ்புக்கிலும் இறந்தபின் கணக்கை நீக்கும் தேர்வு உண்டு. அங்கே மரபுத் தொடர்பாக ஒருவரை நியமித்தாலும் அவரால் உங்கள் தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. முகப்புப் படத்தை மாற்றலாம், அஞ்சலிப் பதிவு ஒன்றை மேலே நிறுத்தலாம், நட்பு வேண்டுகோள்களுக்குப் பதில் சொல்லலாம். மங்கை, உங்கள் தம்பி விஷயத்தில் அது உதவியிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். செய்திகள் போய்ச் சேர வேண்டும் என்றால் தரவின் நகலை எடுத்து நீங்களே ஓர் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.


சேரலாதன்

பிட்காயின் போன்ற மின்னாணயங்கள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். மேலே சொன்ன எந்த வழியும் இங்கே செல்லாது. வங்கியில் சான்றிதழ் காட்டலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம். சாவியை நாமே வைத்திருக்கும் மின்பணப்பையில் உள்ள நாணயத்துக்கு 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புத் தொடர்தான் எல்லாம். அது தொலைந்தால் எந்த நீதிபதியின் ஆணையாலும் ஒரு காசு நகராது. அது வேறொருவர் கண்ணில் பட்டால் அன்றே எல்லாம் போய்விடும். இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி.

கனடாவின் க்வாட்ரிகா சிஎக்ஸ் என்ற மின்னாணயப் பரிமாற்றகத்தின் நிறுவனர் 2018 டிசம்பரில் இறந்தபோது, வாடிக்கையாளர் நாணயங்களின் சாவி அவரிடம் மட்டுமே இருந்ததாகச் சொல்லப்பட்டது. பிறகு ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் விசாரித்து, பெரும் பகுதி அவருடைய மோசடியில் முன்பே கரைந்துபோயிருந்தது என்று கண்டது. ஆனால் "சாவி அவரோடு போய்விட்டது" என்ற விளக்கத்தை அத்தனை பேரும் முதலில் நம்பினார்கள் அல்லவா? அப்படி நடக்கவே கூடியது என்பதுதான் காரணம்.

என் முறை: தொடரைக் காகிதத்தில் எழுதி ஒட்டிய உறையில் ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். அப்படி ஒரு சொத்து இருக்கிறது, உறை எங்கே இருக்கிறது, திறந்தவுடன் யாரிடம் ஆலோசனை கேட்க வேண்டும் என்ற கடிதம் வேறோரிடத்தில். தொகை பெரிதென்றால் ஷமீர் முறையில் சாவியைப் பங்குகளாகப் பிரிக்கலாம். ஆதி ஷமீர் 1979-இல் வெளியிட்ட கணித முறை அது. ஐந்து பங்கில் ஏதேனும் மூன்று சேர்ந்தால்தான் திறக்கும்படி அமைக்க முடியும். தொடரை நீங்களே கத்தரித்துப் பாதிப் பாதியாகக் கொடுப்பது அதற்கு ஈடாகாது. ஒரு பாதி தொலைந்தாலும் முழுதும் போய்விடும்.


தேன்மொழி

மாமனாரிடம் பேசினேன். எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பூட்டுக்குள் காக்கும் கடவுச்சொல் மேலாளர் செயலி ஒன்றில் ஏற்றித் தருகிறேன் என்றதற்கு, "அதன் கடவுச்சொல்லை மறந்தால்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதானே?


பரிதி

மிக நியாயமான கேள்வி. பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாளர்களில் அவசரகால அணுகல் என்று ஒன்று உண்டு. உங்களை அவர் நியமித்தால், தேவை வரும் நாளில் நீங்கள் விண்ணப்பிப்பீர்கள். அவர் குறித்த காத்திருப்பு நாட்களுக்குள் அவர் மறுக்கவில்லை என்றால் பெட்டகம் உங்களுக்குத் திறக்கும். அவர் நலமாக இருக்கும்போது யாராவது அவசரப்பட்டால் அவரே மறுத்துவிடலாம். ஒன்பாஸ்வேர்டு என்ற இன்னொரு மேலாளரில் இரகசியச் சாவியோடு ஒரு தாளை அச்சிட்டு வைக்கச் சொல்வார்கள். அந்தத் தாளை அவருடைய நோட்டுக்குள்ளேயே வைக்கட்டும். நோட்டை விட்டுவிடச் சொல்ல வேண்டாம்.

சொந்த இணையதளம் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, புதுப்பிக்கப்படாமல் போனால் அதைப் பதிந்து தந்த நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்களோ வாரங்களோ சலுகைக் காலம். பிறகு பொதுவாக 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் அதிகம். அதன்பின் 5 நாளில் பெயர் விடுவிக்கப்படும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த டொமைனில்தான் உங்கள் மின்னஞ்சலும் இருக்கிறது என்றால், வாங்குபவர் உங்கள் முகவரிக்கு வரும் கடவுச்சொல் இணைப்புகளையும் பெறுவார். எழுத்தாளர்கள், ஆய்வாளர்கள் சிலரின் வாழ்நாள் உழைப்பு இப்படிக் காணாமல் போயிருக்கிறது. நிரலாளர்கள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தமக்குப் பின் பொது நிரல்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரை அமைப்புகளிலேயே குறித்துவிடலாம்.


இளவேனில்

எல்லோருக்கும் நன்றி. நிலவரத்தைச் சொல்கிறேன். அத்தானின் பழைய மடிக்கணினியில் படங்களின் ஒரு பகுதி தனிக் கோப்பாக இருந்தது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்துப் படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. கூகுளுக்கான விண்ணப்பத்தை அக்கா நிரப்பி அனுப்பிவிட்டாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள். சிம்மை அவள் பெயருக்கு மாற்றச் சென்றபோது ஓர் அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்த ஊழியர், கணக்குதாரரே நேரில் வர வேண்டும் என்று சொன்னாராம். அக்கா பேசாமல் திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் நான் உடன் சென்று மேலாளரைப் பார்த்த பிறகே வேலை நடந்தது. இந்த வேலைகளுக்கு இழப்பில் இருப்பவரைத் தனியாக அனுப்பாதீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். உடன் ஒருவர் போங்கள், பேசுவதை அவர் பேசட்டும்.

அக்காவும் நானும் ஒருவரையொருவர் நியமித்துக்கொண்டோம். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்காமல் அழிக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டோம். கதிரொளி ஐயாவின் பதிவைப் படித்திருக்காவிட்டால் அந்த இரண்டாம் பகுதி எங்களுக்குத் தோன்றியிருக்காது.

ஒரு கடைசிக் கேள்வி, பரிதி. ஒவ்வொன்றாக மூட வேண்டிய கணக்குகளை எந்த வரிசையில் மூடுவது?


பரிதி

பணம் பிடித்துக்கொண்டே இருக்கும் சந்தாக்களை முதலில் நிறுத்துங்கள். அவருடைய வங்கி அல்லது அட்டை அறிக்கையின் கடைசி 12 மாதங்களை வாங்கிப் பார்த்தால் ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பவையும் தெரிந்துவிடும். படச் சேமிப்புக்கான கட்டணத்தை மட்டும் இப்போது நிறுத்த வேண்டாம், படங்கள் கைக்கு வரும்வரை அது ஓடட்டும். அடுத்துக் காப்பீடு, முதலீடு, மின்கட்டணம் போன்றவற்றில் தொடர்பு முகவரியை அக்காவின் பெயருக்கு மாற்றுங்கள். சமூக ஊடகப் பக்கங்களுக்கு அவசரம் இல்லை, அக்கா எப்போது விரும்புகிறாளோ அப்போது. மின்னஞ்சலையும் சிம்மையும் எல்லாவற்றுக்கும் கடைசியாக வையுங்கள். ஆண்டுக் கணக்கில் வரும் அறிவிப்புகள் ஒரு சுற்று வந்து முடியட்டும். அதற்குமுன் மூடினால் பாதி வேலைக்கு மறுபடி சான்றிதழோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.